சைக்கிள் கேள்வி பதில்: ஏரிக்கரை வழியே உத்திரமேரூருக்கு

(சென்ற மாதம் வேடந்தாங்கல் பக்கம் சைக்கிளில் போகச் சொல்லி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அந்த ஊர்களுக்கே கொடுத்துவிட்டேன்.)

கேள்வி: ரோடு பைக் வாங்கிய நாளிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டால் வேறு வழி தெரியாது. வேடந்தாங்கலையும் உத்திரமேரூரையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? எப்படிப் போவது? – வாசகர், தாம்பரம்

தாராளமாக முடியும். ஆனால் தாம்பரத்தில் வீட்டு வாசலில் இருந்தே மிதிக்க ஆரம்பிக்காதீர்கள். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கும் ஆம்னி பஸ்களுக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போவதிலேயே காலை போய்விடும். வண்டியைக் காரில் ஏற்றி மதுராந்தகம் வந்துவிடுங்கள். அங்கிருந்து வேடந்தாங்கல், பக்கத்திலேயே இருக்கிற இன்னொரு பறவைச் சரணாலயமான கரிக்கிலி, உத்திரமேரூர், திரும்ப மதுராந்தகம் என்று ஒரு சுற்று. மொத்தம் 60 கிலோமீட்டர் பக்கம் வரும். மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, தரை தட்டையாகவே இருக்கும்.

கிளம்பும்முன் மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயிலை ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். 1790களில் லியோனல் பிளேஸ் என்ற ஆங்கிலேயர் இங்கே கலெக்டராக இருந்தார். மழைக்கு மழை ஏரி உடைவதைப் பார்த்து அலுத்துப்போயிருந்தவர், உடையும் என்று பயந்த ஒரு ராத்திரி, வில்லோடு இரண்டு பேர் கரையில் காவல் நிற்பதைக் கண்டார் என்பது ஊர்க் கதை. கரை தப்பியது. நேர்ந்துகொண்டபடி தாயார் சன்னதியை அவர் கட்டிக்கொடுத்தார். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் ஒரு ஊர் தன் தெய்வத்துக்கே ஏரியைக் காக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஏரி என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே வண்டியை எடுங்கள்.

என் ஒரே வேண்டுகோள், இந்தச் சுற்றைச் சராசரி வேகத்துக்காக ஓட்டாதீர்கள். வழியில் கரை தெரிந்தால் இறங்குங்கள். தண்ணீர் திறந்துவிடும் மதகு எங்கே, நிரம்பிய தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் எங்கே, வரத்துக்கால்வாய் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். மழை நன்றாகப் பெய்த வருஷமானால் ஒரு ஏரியின் கலங்கலில் வழிகிற தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போவதைப் பல இடங்களில் கண்ணால் பார்க்கலாம். கார் கண்ணாடி வழியே இது ஒன்றும் தெரியாது. சைக்கிள் வேகத்தில்தான் ஏரி, கால்வாய், வயல், ஊர் நாலும் ஒன்றோடொன்று கோத்திருப்பது புரியும்.

கேள்வி: என் வண்டியில் 25 மி.மீ. டயர். கிராமத்து ரோடு தாங்குமா? – வாசகர், காஞ்சிபுரம்

தாங்கும், ஆனால் உங்கள் முதுகு திட்டும். ஃப்ரேமில் இடம் இருந்தால் 28 அல்லது 32 போடுங்கள். காற்றையும் கல்லு மாதிரி ஏற்ற வேண்டாம். எழுபது கிலோ ஆளுக்கு 28 மி.மீ. டயரில் 75, 80 பி.எஸ்.ஐ. போதும். ஒரு ஸ்பேர் டியூப், டயர் லீவர், கைப் பம்ப் மூன்றும் இல்லாமல் கிளம்பாதீர்கள். உள்ளே இருக்கிற ஊர்களில் பஞ்சர் கடை உண்டு, ஆனால் ரோடு பைக் டியூபில் வருகிற மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அங்கே காற்றடிக்க முடியாது.

அறுவடை நாட்களில் இன்னொன்று கவனிக்க வேண்டும். ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருப்பார்கள். ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள், அதுதான் எல்லை. அதன்மேல் ஏற்றாதீர்கள். காய்ந்த நெல்லில் மெல்லிய டயர் சட்டென்று வழுக்கிவிடும் என்பது ஒரு பக்கம். அது ஒரு குடும்பத்தின் நான்கு மாத உழைப்பு என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கேள்வி: எந்த மாதம், எத்தனை மணிக்குப் போனால் பறவைகளை நிறையப் பார்க்கலாம்? கரிக்கிலியில் கூடுகளே இல்லை என்கிறார்களே, பிறகு எதற்குப் போக வேண்டும்? – வாசகி, திண்டிவனம்

நவம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை சீசன். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால்தான் எல்லாமே. என்னைக் கேட்டால் ஜனவரி. வெயில் ஏறாது, குஞ்சுகளும் கூட்டில் இருக்கும். விடியலில் இரைக்குக் கிளம்புவதைப் பார்க்கலாம், சாயங்காலம் கூட்டம் கூட்டமாகத் திரும்புவதைப் பார்க்கலாம். நடுப்பகலில் வந்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் அதிகம்.

வேடந்தாங்கல் சுமார் 30 ஹெக்டேர் ஏரி, பெரிதல்ல. தண்ணீருக்கு நடுவே நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்பதுதான் அதன் பலம். சுற்றித் தண்ணீர் இருப்பதால் நரியும் நாயும் கூட்டை நெருங்க முடியாது. கரிக்கிலியில் அப்படி மரங்கள் குறைவு, ஆழமில்லாத திறந்த நீர்ப்பரப்பு அதிகம். அதனால் அங்கே கூடு கட்டுகிறவற்றைவிட மேய வருகிறவைதான் அதிகம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான்கள் என்று வடக்கிலிருந்து வருகிற விருந்தாளிகள். கூட்டமும் சத்தமும் குறைவு. ஒரு பைனாகுலரோடு கரையில் உட்கார எனக்குப் பிடித்த இடம் கரிக்கிலிதான். 2022-இல் இரண்டுமே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

ஒன்று சொல்கிறேன், சரணாலயத்துக்குள் மட்டும் பறவையைத் தேடாதீர்கள். போகிற வழியில் வயலோரம் நிறுத்துங்கள். நத்தை குத்தி நாரை நின்றுகொண்டிருக்கும். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், அதுதான் அடையாளம். சேற்றுத் தண்ணீருக்குள் அலகை விட்டுத் துழாவும், நத்தை அகப்பட்டதும் தலையைத் தூக்காமல் அங்கேயே வைத்து அழுத்தும். கீழ் அலகின் நுனியை ஓட்டுக்குள் நுழைத்து, சதை ஒட்டியிருக்கிற இடத்தை அறுக்கும். கொஞ்ச நேரத்தில் வெறும் சதை மட்டும் அலகில் வரும், ஓடு பெரும்பாலும் உடையாமல் சேற்றிலேயே கிடக்கும். பத்தடி தள்ளி ஒருவர் களை எடுத்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அந்த ஊர்க்காரர்களால்தான் இந்தப் பறவைகள் இன்றும் இருக்கின்றன. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டபோது, கலெக்டரிடம் போய் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். 1798 வாக்கில் நடந்தது அது. கலெக்டர், மதுராந்தகத்தில் பார்த்த அதே பிளேஸ். பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அரசாங்கம் சரணாலயம் என்று பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் காவலை ஆரம்பித்துவிட்டார்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. என்னிடம் இருப்பது கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள். அம்மாவும் வர ஆசைப்படுகிறார். எங்களால் முடியுமா ஆன்ட்டி? – செங்கல்பட்டு

முடியும் கண்ணு. 60 கிலோமீட்டரையும் ஓட்ட வேண்டியதில்லை. வேடந்தாங்கலுக்கும் கரிக்கிலிக்கும் நடுவில் பத்து கிலோமீட்டர் அளவில்தான். அதை மட்டும் போய்த் திரும்புங்கள், அதுவே அருமையான காலைப்பொழுது. முதல் நாளே செயினுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு பிரேக்கையும் பார்த்துவிடு. சீட்டின் உயரம் முக்கியம்: பெடல் கீழே இருக்கும்போது அம்மாவின் முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் போதும், அதிகமாக மடங்கினால் சாயங்காலம் வலிக்கும். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், வீட்டிலிருந்து புளிசாதம். பளிச்சென்ற நிறத்தில் துணி, ரோட்டில் லாரிக்காரருக்குத் தெரியட்டும். துப்பட்டாவையும் புடவைத் தலைப்பையும் செருகிக்கொள்ளுங்கள். அம்மா முன்னால் போகட்டும், நீ பின்னால் வா. அவர் வேகம்தான் அன்றைய வேகம்.

கேள்வி: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் நான். உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டை ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியும் நேரில் பார்த்ததில்லை. சைக்கிளில் போனால் எதை விடாமல் பார்க்க வேண்டும்? – வாசகர், அரக்கோணம்

ஐயா, உங்களுக்கு நான் வரலாறு சொல்வது சரியில்லை. ஆனாலும் ஏரி வழியாக வந்து அந்தக் கல்வெட்டைப் பார்க்கும்போது கண்ணில் படுகிற ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவர்களில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஓடும். முதலாம் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919, 921. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, அதிலிருந்து எடுத்து ஆள் தேர்ந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது அதில் வருகிற வாரியங்களை, அதாவது சபையின் குழுக்களை. முப்பது குடும்புகளிலிருந்து (ஊரின் வார்டுகள்) ஓலை எடுத்துச் சம்வத்சர வாரியம் என்கிற ஆண்டு வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். ஏரியைப் பார்த்துக்கொள்ள மட்டும் வருஷத்துக்கு ஆறு பேர்! முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் போடக்கூடாது. இந்த விதியைப் படித்துவிட்டு வெளியே வந்தால், நம் ஊர் ஏரி வேலைகளின் கணக்கு எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்தச் சபை எல்லோருக்குமானது அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த பிரம்மதேய ஊர், நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்கள், வயது 35 முதல் 70 வரை. மடையைத் திறந்து மூடியவர்களின் பெயருக்குக் குடத்தில் இடமில்லை. நாம் அதைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

கோயிலோடு திரும்பிவிடாதீர்கள், உத்திரமேரூர் ஏரிக்கரைக்குப் போங்கள். பல்லவர் காலக் கல்வெட்டுகளில் வயிரமேகத் தடாகம் என்று வருவது இதுதான். தூர் வாருவதற்கென்றே கொடுத்த கொடைகளும் இவ்வூர்க் கல்வெட்டுகளில் உண்டு. ஆறு பேர் எதற்குத் தேவைப்பட்டார்கள் என்பது கரைமேல் நின்று பார்த்தால் விளங்கும். நேரமிருந்தால் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில். நின்ற, இருந்த, கிடந்த கோலங்கள் மூன்று தளங்களில். படி ஏற வேண்டும், சைக்கிள் மிதித்த காலோடு கொஞ்சம் மெதுவாக.

மதுராந்தகம் திரும்புகிற 25 கிலோமீட்டரை நண்பகலுக்குள் முடித்துவிடுங்கள். நிழல் குறைவு. கைபேசியில் கல்வெட்டைப் படம் எடுப்பதாக இருந்தால் காலைச் சாய்வெயிலில் எழுத்து நன்றாகத் தெரியும், அதனால் உத்திரமேரூரில் முதல் நாளே தங்கிச் சுற்றைத் திருப்பிப் போட்டுக்கொள்வதும் நல்ல யோசனைதான்.

கேள்வி: எப்போதும் சென்னைப் பக்கமே எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் ஒன்றுமில்லையா? – வாசகர், சிவகங்கை

கோபம் நியாயம்தான். உங்கள் மாவட்டத்திலேயே, திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி இருக்கிறதே! 1977-இல் சரணாலயமானது. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டவர்கள். அங்கிருந்து பிள்ளையார்பட்டி குடைவரை வரை ஒரு சுற்றுப் போட்டுக்கொள்ளலாம். டிசம்பரில் மழை நின்றதும் போய்விட்டு வந்து, கண்மாயில் தண்ணீர் எவ்வளவு, ரோடு எப்படி, டீக்கடை எங்கே என்று எனக்கு எழுதுங்கள். அடுத்து அந்தப் பக்கம் கிளம்புகிறவர்களுக்கு உங்கள் கடிதத்தை இங்கேயே போடுகிறேன்.