கேள்வி - பதில்: கலிலேயாவில் இருந்தது கடலா, குளமா?

கேள்வி: மறைக்கல்வி வகுப்பில் ஒரு பெடியன் கேட்டான்: "கலிலேயாக் கடல் தண்ணி உப்பில்லையாம், பிறகேன் கடல்?" மாற்கு கடல் என்கிறார், லூக்கா 5:1 ஏரி என்கிறது. கிரேக்க மூலத்திலும் இப்படித்தானா? யார் சொல்வது சரி?
- வாசகி, முள்ளியவளை

பதில்: மூலத்திலும் அப்படித்தான், ரீச்சர். மாற்கு எழுதியது 'தலஸ்ஸா', அதாவது கடல். லூக்கா எழுதியது 'லிம்னே', அதாவது ஏரி. எங்கள் வன்னிப் பேச்சில் குளம். இந்த நீரை லூக்கா ஓரிடத்திலும் தலஸ்ஸா என்று சொல்லவில்லை. மத்தியதரைக் கடலில் பவுலின் கப்பல் உடைந்த கதையை எழுதியவரும் அவர்தானே. 21 கிலோமீற்றர் நீளம், 13 கிலோமீற்றர் அகலமுள்ள நன்னீரைக் கடல் என்று எழுத அவருக்கு மனம் வந்திருக்காது. அதே நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பசும் லிம்னே என்றே எழுதினார்.

அதற்காக மாற்கு பிழைவிட்டார் என்று சொல்லிவிடாதீர்கள். எபிரேயத்தில் கடலுக்கும் ஏரிக்கும் 'யாம்' என்ற ஒரே சொல்தான். எண்ணிக்கை 34:11 இதே ஏரியைத்தான் யாம் என்கிறது. சாலமோன் ஆலயத்தில் பத்து முழ அகலத்தில் வார்த்த வெண்கலத் தொட்டிக்கும் அதே பெயர்! பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இவற்றுக்குத் தலஸ்ஸா என்று போட்டார்கள். மாற்கின் வழக்கும் அதுதான். வட்டுவாகல் பாலத்தில் நின்று பாருங்கள்: ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் களப்பு. அந்தக் களப்புக்கு நாங்களும் நந்திக்கடல் என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்?

மாற்கு கடல் என்று சொல்லும் இடமெல்லாம் உலக ஒழுங்கைக் குலைக்கும் குழப்பத்தின் அடையாளம் என்று விளக்கம் சொல்வோர் உண்டு. சீமோன் வலை வீசும் 1:16இல் அதைத் தேடுவது வீண்வேலை என்பேன். 4ஆம் அதிகாரத்தில் இயேசு அடக்கும் புயல் வேறு. கடலில் தத்தளித்தவர்களுக்காக ஆண்டவர் புயலை அடக்கியதைத் திருப்பாடல் 107 பாடுகிறது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அங்கே 'கடல்' என்பது வெறும் இடப்பெயராகக் கேட்டிருக்காது. அந்த ஓரிடத்தை வகுப்பில் ஏரி என்று மாற்றிச் சொல்ல வேண்டாம்.

அப்புறம், அந்தப் பெடியன் மீனைப் பற்றிக் கேட்டால் சுறா, பாரை என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே பேர்போனது எங்கள் குளத்துத் திலாப்பியாவின் இனம்தான். 'பேதுரு மீன்' என்று அதைப் பயணிகளுக்குப் பொரித்துக் கொடுக்கிறார்கள்.