நொடிக்கொரு ‘டக்’: ஆம்ப்ளிஃபையர் வாங்கும் முன் வேலியைப் பாருங்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அமெச்சூர் (ஹாம்) ரேடியோ உரிமத்துக்கான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு தேர்வு எழுதி, வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கியிருக்கிறேன். என் ரேடியோ மைக்ரோபிட்எக்ஸ் கிட், 10 வாட். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் பிவிசி ஒயரில், 40 மீட்டர் அலைவரிசைக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) டைப்போல், அதாவது இரண்டு கை உள்ள கம்பி ஆன்டெனா, கட்டினேன். ஒவ்வொரு கையும் 10.07 மீட்டர், ஒரு முனை தண்ணீர்த் தொட்டியில், மறுமுனை தென்னை மரத்தில். நானோ வி.என்.ஏ. என்ற அளவுக் கருவியில் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 2.8 காட்டுகிறது, 6.88-ல் 1.4. ரேடியோவைப் போட்டால் கரகரவென்று இரைச்சல், அதற்கு மேல் நொடிக்கு ஒரு தடவை ‘டக்’, ‘டக்’ என்று ஒரு சத்தம். காலையில் பெங்களூரு நண்பர்கள் பேசுவது அரைகுறையாகக் காதில் விழும். நான் கூப்பிட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. 50 வாட் ஆம்ப்ளிஃபையர் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். உங்கள் குரல் அங்கே போய்ச் சேரவில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பாலக்கோட்டிலிருந்து பெங்களூரு நேர்க்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர்தான். ரேடியோ அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் இடம் கொடுக்கிற காலை வேளையில் அதற்கு 10 வாட் போதும். அவர்கள் பதில் சொல்லி, அது உங்கள் இரைச்சலுக்குள் மூழ்கிப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். 10 வாட்டை 50 ஆக்கினால் கிடைப்பது 7 டெசிபல், சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு புள்ளிக்கு (6 டெசிபல்) கொஞ்சம் மேல். அதுவும் அவர்களுக்குத்தான் பயன். உங்கள் காதுக்கு ஒரு டெசிபல்கூடக் கூடாது. இரைச்சலை எஸ்9-லிருந்து எஸ்5-க்கு இறக்கினால் 24 டெசிபல் மிச்சம். அதற்கு ஆகும் செலவும் ஆம்ப்ளிஃபையர் விலைக்குப் பக்கத்தில் வராது.

அந்த ‘டக்’ என்ன என்பதை நீங்கள் எழுதிய விதத்திலேயே ஊகிக்க முடிகிறது. சோலார் வேலி. யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் பயந்து உங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். வேலி மெஷின் ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை உயர் மின்னழுத்தத் துடிப்பை அனுப்பும். நன்றாகப் பராமரிக்கும் வேலி ரேடியோவுக்குப் பெரிய தொல்லை தராது. கம்பியில் செடி உரசுகிற இடத்திலும், இன்சுலேட்டர் விரிசல் விட்ட இடத்திலும், துருப்பிடித்த முறுக்கு இணைப்பிலும் பொறி தாவுகிறதே, அந்தப் பொறிதான் ‘டக்’. வேலிக் கம்பி முழுவதும் அதற்கு ஆன்டெனாவாகிவிடுகிறது.

ஆனால் கரகரப்பு வேறு, ‘டக்’ வேறு. முதலில் கரகரப்பு உங்கள் வீட்டிலிருந்தே வருகிறதா என்று பாருங்கள். ரிக்கை (உங்கள் ரேடியோவை) 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள்தான். மெயினைப் போட்டு, எம்சிபிக்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே ஹெட்ஃபோனில் கேளுங்கள். மலிவு எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், டிவி செட்டாப் பாக்ஸின் அடாப்டர், சோலார் பேனலின் சார்ஜ் கன்ட்ரோலர் இவற்றில் ஏதாவது ஒன்று சிக்கும். மெயினை அணைத்தும் இரைச்சல் அப்படியே இருந்து, ‘ர்ர்ர்’ என்று ஒரே சீராக உறுமினால் அது ஈ.பி. லைன் இன்சுலேட்டராக இருக்கலாம். தூசி படிந்த வறண்ட நாளில் கூடி, நல்ல மழை பெய்ததும் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். கம்ப எண்ணைக் குறித்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது, ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்ப்பது எல்லாம் கூடவே கூடாது.

‘டக்’கைத் தேட ஒரு பழைய பாக்கெட் ரேடியோ போதும். மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சியின் முனை சத்தம் வரும் திசையைப் பார்க்கும்போது சத்தம் மிகக் குறைந்துவிடும். இரண்டு மூன்று இடங்களில் நின்று திசை பார்த்தால் எந்தத் தோட்டத்து வேலி என்று தெரிந்துவிடும். பிறகு வேலியிலிருந்து தள்ளியே, பாதை வழியாக நடங்கள். சத்தம் ஓங்குகிற இடத்தில் நின்று கம்பியை உற்றுப் பாருங்கள். பச்சைத் தழை கருகிய நுனியோடு கம்பியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது இன்சுலேட்டரில் கரிக்கோடு விழுந்திருக்கும். அந்தி இருட்டில் பொறியே கண்ணுக்குத் தெரியும், ஆனால் யானை நடமாட்டம் உள்ள ஊரில் அந்த நேரத்தில் போக வேண்டாம்.

தோட்டக்காரரிடம் “என் ரேடியோ இரைகிறது” என்று ஆரம்பிக்காதீர்கள். “உங்க வேலியில் இந்த இடத்துல கரண்ட் லீக் ஆகுதுண்ணா, வோல்ட்டேஜ் இறங்கிடும், பன்றி உள்ளே வந்துடும்” என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. அவர் மெஷினை அணைத்த பிறகே கை வைக்க வேண்டும். செடியை வெட்டி, இன்சுலேட்டரை மாற்றி, முறுக்கு இணைப்புக்குப் பதில் கிளாம்ப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மெஷினின் எர்த் கம்பி காய்ந்த மண்ணில் ஆடிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: மெஷின் இல்லாமல் நேராக மின்சாரம் கொடுத்த வேலி என்று தெரிந்தால் கிட்டே போகாதீர்கள், மின்வாரியத்துக்கோ வனத்துறைக்கோ உடனே சொல்லுங்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே 3 யானைகள் செத்தது அப்படிப்பட்ட வேலியில்தான்.

அடுத்து ஆன்டெனா. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்துத்தான் நீளம் கண்டிருக்கிறீர்கள், கணக்கு சரி. ஆனால் அது வெறும் கம்பிக்கு. பிவிசி உறை போட்ட ஒயர் அதே நீளத்தில் 2, 3 சதவீதம் குறைந்த அதிர்வெண்ணில் இசையும். உங்கள் 6.88 அதைத்தான் சொல்கிறது. 40 மீட்டரில் ஒவ்வொரு கையிலும் 1.4 சென்டிமீட்டர் குறைத்தால் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் ஏறும். உங்களுக்கு வேண்டியது 220 கிலோஹெர்ட்ஸ், அதாவது கைக்கு 31 சென்டிமீட்டர். ஒரே வெட்டாக வெட்டாதீர்கள். இரண்டு பக்கமும் 20 சென்டிமீட்டர் மடித்து, ஒயர் மேலேயே இறுக்கிச் சுற்றி, மறுபடி ஏற்றி அளந்து பாருங்கள். மடிப்பு, வெட்டியதற்குக் கொஞ்சம் குறைவாகவே வேலை செய்யும். அதனால் கடைசி வெட்டு, மடித்த நீளத்தைவிடச் சற்றுச் சின்னதாக இருக்கட்டும். அதுவரை 2.8-ல் மைக்கை அழுத்தி நீட்டி முழக்காதீர்கள், ரிக்கில் இருக்கும் ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர்கள் தாங்காது.

தொட்டியில் கட்டிய முனையை அவிழ்த்து, தொட்டியிலிருந்து ஒன்றரை இரண்டு மீட்டராவது நைலான் கயிறு விட்டுக் கட்டுங்கள். முனையில்தான் மின்னழுத்தம் அதிகம்; பக்கத்தில் இரும்புக் குழாய் இருந்தால் இசைவு இழுத்துக்கொண்டு போகும். தென்னை ஆடும். அந்தப் பக்கம் ஒரு கப்பி வைத்து, கயிற்று நுனியில் மணல் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிட்டால் காற்றில் ஒயர் அறாது. உயரம் போதவில்லையே என்று கவலை வேண்டாம்: 10 மீட்டருக்குக் கீழே கட்டிய 40 மீட்டர் டைப்போல் அலையை மேலே அனுப்பி, 300, 400 கிலோமீட்டருக்குள் மழை மாதிரி இறக்கும். பெங்களூரு, சென்னை, கோவை எல்லாம் அதற்குள்தான். கான்கிரீட்டிலிருந்து 3 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். ஒயர் அறுந்து விழுந்தாலும் ஈ.பி. லைனைத் தொட முடியாத திசையில்தான் கட்ட வேண்டும். சித்திரை, வைகாசியில் இடி கட்டும்போது ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கோஆக்ஸ் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

டைப்போல் நடுவில் சோக் (கேபிளின் மேலுறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) போட்டதாக எழுதவில்லை. போடாவிட்டால் கோஆக்ஸின் மேலுறையே மூன்றாவது கையாகி, வீட்டு எல்இடி, சார்ஜர் இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கேபிளை 12 சுற்று சுற்றி, டைப்போல் நடுவிலேயே பிவிசி பெட்டிக்குள் வைத்து வாய்ப்பகுதியை சிலிகானால் அடைத்துவிடுங்கள். கடையில் கிடைக்கும் கிளிப் ஃபெரைட்டை ஒயரில் ஒரு தடவை மாட்டுவதால் 7 மெகாஹெர்ட்ஸில் பலன் மிகக் குறைவு. சுற்றின் எண்ணிக்கை இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும், அதனால் சார்ஜர் ஒயரானாலும் பல சுற்று வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு காலை 8 மணிக்கு மேல் கேளுங்கள். இருட்டிய பின் 40 மீட்டரில் அலை தூரம் தாண்டிவிடும், பக்கத்து ஊர்க்காரர்கள் மறைந்துவிடுவார்கள். அதை ஆன்டெனாவின் குறை என்று நினைத்து மறுபடி வெட்டாதீர்கள். 10 வாட்டை வைத்துக்கொண்டு சிக்யூ, சிக்யூ (யாராவது இருக்கிறீர்களா) என்று தனியாகக் கூவுவதைவிட, நடந்துகொண்டிருக்கும் நெட்டில் (பலர் கூடிப் பேசும் இடத்தில்) இடைவெளி பார்த்து அழைப்புக்குறியை ஒரே ஒரு தடவை, ஃபொனெட்டிக்கில் (எழுத்துக்கு ஒரு சொல்லாக), நிதானமாகச் சொல்லுங்கள். “உங்கள் சிக்னல் இங்கே இவ்வளவு, என் ரிப்போர்ட் என்ன?” என்று கேளுங்கள். மூன்று நான்கு பேர் எஸ்5, எஸ்6 என்று கொடுத்தால் உங்கள் ஸ்டேஷன் நன்றாகவே இருக்கிறது. எல்லாரும் இரைச்சலோடு இரைச்சலாக இருக்கிறது என்றால் மட்டும் ஆம்ப்ளிஃபையர் பேச்சை எடுங்கள். அப்போது 50 வாட் உங்கள் உரிமத்தின் உச்ச வரம்பு என்பதும், வேண்டாத உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் இல்லாத போர்டைத் தொடக்கூடாது என்பதும், 7 ஏஹெச் பேட்டரி அந்தச் சுமையை ரொம்ப நேரம் இழுக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.