கறுத்த ரத்தம் கெட்ட ரத்தமா?

வாசகர் கேள்விகளுக்கு காரைக்குடி டாக்டரம்மாவின் பதில்கள்

கேள்வி: டாக்டரம்மா, சர்க்கரை டெஸ்ட்டுக்குக் கையில் ரத்தம் எடுத்தார்கள். பார்த்தால் கறுத்துக் கிடக்கிறது. என் ரத்தம் கெட்டுப்போய்விட்டதா? அட்டை விட்டு எடுத்தால் சரியாகும் என்கிறார்கள்.
- ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: அட்டை எல்லாம் வேண்டாம் ஆச்சி. அந்த நிறம் இயல்பானதுதான். டெஸ்ட்டுக்கு ஊசி குத்துவது சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில். சிரை தோலுக்கு அடியிலேயே இருக்கும், சுவர் மெல்லிசு, அழுத்தம் குறைவு; பஞ்சை வைத்துக் கொஞ்ச நேரம் அமுக்கினால் ரத்தம் நின்றுவிடும். உடம்புக்கு ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டு இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் அது. ஆக்ஸிஜன் குறைந்தால் ரத்தம் கறுஞ்சிவப்பாகிவிடும். அப்போதும் சும்மா இருக்கிற உடம்பு கால்வாசி ஆக்ஸிஜனைத்தான் எடுத்திருக்கும், முக்கால்வாசி ரத்தத்திலேயே மிச்சம். நுரையீரலுக்குள் ஒரு சுற்று போய் வந்தால் அதே ரத்தம் பளிச்சென்று சிவந்துவிடும்.

அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிற இடத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் புத்தகமே போட்டார். ஆனால் இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது என்பதை அவரால் கடைசிவரை பார்க்க முடியவில்லை. 1657-இல் இறந்துபோனார். 1661-இல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, நடுவில் இருக்கும் மிக மெல்லிய ரத்தக் குழாய்களான தந்துகிகளைக் கண்டுபிடித்தார். தந்துகியின் சுவர் ஒரே ஒரு செல் கனம். பல இடங்களில் உள்ளகலம் சிவப்பணுவின் அகலத்தைவிடவும் குறைவு. அதனால் அணுக்கள் உடம்பை வளைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நுழைந்து போகின்றன. ஆக்ஸிஜன் வெளியே போவதும் கழிவு உள்ளே வருவதும் அந்தச் சுவர் வழியாகத்தான். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

கேள்வி: அம்மா, முப்பது வருஷமாகக் கல்யாணச் சமையல். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைத்திருக்கிறது. சாயங்காலம் பாதம் வீங்குகிறது, கணுக்கால் பக்கம் தோல் கறுத்து அரிக்கிறது. அடுப்புச் சூடுதான் காரணமா?
- ஒரு சமையல்காரர், தேவகோட்டை

பதில்: நீங்கள் நரம்பு என்று சொல்வது சிரைதான் அண்ணே. சூட்டில் அது இன்னும் கொஞ்சம் விரியும், உண்மைதான். ஆனால் முக்கியக் காரணம், ஒரே இடத்தில் நிற்பது. ரெண்டாங்கட்டில் வெள்ளைப் பணியாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றால் அந்தண்டை இந்தண்டை நகர முடியுமா?

இதயம் தள்ளுகிற வேகம் தந்துகிகளைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. பாதத்து ரத்தம் அங்கிருந்து நெஞ்சு வரை ஏற வேண்டும். ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது இறுகிச் சிரையைப் பிழிகிறது. மேலே போன ரத்தம் இறங்காமல் உள்ளே வால்வுகள் தடுக்கின்றன. நம்மூர் வீட்டு இரட்டைக் கதவு மாதிரி ஒரு பக்கம்தான் திறக்கும். அசையாமல் நின்றால் பாதத்துச் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. பாதரச அளவுக்கு ஏறும். நடந்தால் 30-க்கும் கீழே இறங்கிவிடும். வருஷக்கணக்கில் அழுத்தம் தாங்கிய சிரை விரிந்து, வால்வுகள் ஒன்றோடொன்று சேராமல் போய், ரத்தம் கீழேயே தேங்குகிறது. சிவப்பணுக்கள் தோலுக்குள் கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து படிவதால்தான் கணுக்கால் கறுக்கிறது. அடுத்தது புண். அதனால்தான் உங்கள் கடிதம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

வால்வு வேலை செய்வதைப் புறங்கையிலேயே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டுப் புடைத்த சிரை ஒன்றை, விரல் முட்டிப் பக்கம் ஒரு விரலால் அமுக்கிக்கொள்ளுங்கள். இன்னொரு விரலால் மணிக்கட்டை நோக்கி வழித்துவிட்டு, அந்த விரலை மட்டும் எடுங்கள். நடுவில் வால்வு இருந்தால் அதுவரை சிரை வெறுமையாகவே கிடக்கும். அமுக்கிய விரலை எடுத்ததும் கீழேயிருந்து நிரம்பும். ஹார்வி காட்டியதும் இதைப் போன்ற சோதனைதான்.

வேலைக்கு நடுவே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். பந்தி முடிந்ததும் கால் நெஞ்சை விட உயரத்தில் இருக்கும்படி படுங்கள். புடைத்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு லேசரா, வேறு சிகிச்சையா என்று முடிவு செய்யலாம். அழுத்தக் காலுறை நல்லதுதான். ஆனால் பீடி, சர்க்கரை இருந்தால் தமனி அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே போட வேண்டும். அப்புறம், புடைப்பு உடைந்து ரத்தம் கொட்டினால் பயந்து ஓடாமல் படுத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், முகூர்த்த நாளாக இருந்தாலும் சரி.

கேள்வி: நாடி மணிக்கட்டில் மட்டும்தான் துடிக்குமா?
- பிளஸ் டூ மாணவி, ஆத்தங்குடி

பதில்: இல்லை கண்ணு. எல்லாத் தமனியும் துடிக்கும். மணிக்கட்டில் அது எலும்பின் மேல் ஓடுவதால் கைக்குச் சிக்குகிறது. கழுத்திலும், முழங்காலுக்குப் பின்னாலும், பாதத்தின் மேலும் தொட்டுப் பார்க்கலாம். வீட்டில் சர்க்கரைக்காரர்கள் இருந்தால் பாதத்துத் துடிப்பைப் பார்க்கப் பழகிக்கொள். பலவீனமாகத் தெரிந்தால் டாக்டரிடம் காட்டச் சொல். கட்டைவிரலால் பார்க்காதே, உன் விரலின் துடிப்பையே அவர்களுடையது என்று எண்ணிவிடுவாய்.