அம்மா அமைதியாகிவிட்டார் என்று சந்தோஷப்படாதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது. நாலு வருடமாக அல்சைமர். டோனெபெசில் மாத்திரை கொடுத்து வருகிறேன். சாயங்காலம் ஆனால் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு "கப்பல் எப்போ?" என்று கேட்கிறார். பர்மியம் சுத்தமாக மறந்துபோய்விட்டது. ராத்திரி தூங்கவே மாட்டார் என்பதால் மருந்துக்கடையில் சொல்லி ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். போன வெள்ளிக்கிழமையிலிருந்து நல்ல அமைதி. பகலிலும் தூங்குகிறார், முகத்தில் பூசும் தனக்காக் கட்டையை அரைக்கக்கூட எழுந்திருப்பதில்லை. என் கவலை என்னைப் பற்றியது. எனக்கு 53. அடுப்பை அணைக்க மறக்கிறேன், பேர்கள் மறக்கின்றன. இந்த நோயின் முதல் நோயாளிக்கு 51 வயதுதான் என்று இணையத்தில் படித்தேன். எனக்கும் வந்துவிடுமா? அலுமினியப் பாத்திரமா, அஜினமோட்டோவா காரணம்? சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ஞாபகத்துக்கு என்று ஜிங்கோ மூலிகை மாத்திரை அனுப்பியிருக்கிறான், புது ஊசி வந்திருப்பதாகவும் சொல்கிறான். வாணலி சுட்ட புண் ஒரு மாதமாக ஆறவில்லை, அது வேறு.
– வாசகி, பெகு (பர்மா)

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் நீங்கள் பயந்து எழுதியவை ஒரு டஜன் இருக்கும். உண்மையில் பயப்பட வேண்டிய ஒன்றை மட்டும் நல்ல செய்தி மாதிரி எழுதியிருந்தீர்கள். அந்த "நல்ல அமைதி" என்ற வரியைப் படித்ததும் மற்றப் பக்கங்களை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். அடியில் உங்கள் எண் இருந்தது நல்லதாகப் போயிற்று. இந்தப் பதில் அச்சாகும்வரை காத்திருக்கிற விஷயமல்ல அது. அன்று பேசியதில் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியதை, நீங்கள் சரி என்றதால், இங்கே எழுதுகிறேன்.

அல்சைமர் மெதுவாக நகர்கிற நோய். போன தீபாவளிக்கு எப்படி இருந்தார், இந்தத் திஞ்சான் புத்தாண்டுக்கு எப்படி இருக்கிறார் என்று யோசித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். வியாழக்கிழமை வரை தானே உட்கார்ந்து தனக்கா அரைத்துக் கன்னத்தில் தடவிக்கொண்டவர், வெள்ளிக்கிழமை கட்டையைக் கையில் பிடித்தபடியே கல்லின் மேல் தூங்கி விழுகிறார் என்றால் அது அல்சைமர் செய்கிற வேலை இல்லை. புதிதாக வேறு ஏதோ உள்ளே நுழைந்திருக்கிறது. மறதி நோய்க்காரர் வீட்டில் இருப்பவர்கள் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: "எந்தக் கிழமையிலிருந்து இப்படி?" என்று கேட்டால் உங்களால் கிழமை சொல்ல முடிகிறதா? முடிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இதை டெலிரியம் என்கிறோம். சில மணி நேரத்தில், அல்லது இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். காலையில் கொஞ்சம் தெளிவு, மத்தியானம் மயக்கம், ராத்திரி பிதற்றல் என்று ஏறி இறங்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே கவனம் நழுவும். கத்துகிற, கையைக் காலை உதறுகிற, சுவரில் ஆள் தெரிகிறது என்கிற டெலிரியத்தை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் யாரையும் தூங்க விடாது. சத்தமில்லாத வகைதான் தப்பிப் போகும். பாட்டி ஒரு மூலையில் சுருண்டு தூங்குவார், சாப்பாடு கேட்கமாட்டார், எதிர்த்துப் பேசமாட்டார். நாலு வருடம் ராத்திரி முழித்த குடும்பம் "அப்பாடா" என்று மூச்சுவிடும். அந்த மூச்சை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மாதிரி நோயாளிகள் எங்களிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். டெலிரியம் வந்து போனபின் அல்சைமரும் முன்னைவிட வேகம் பிடிக்கும் என்பதால், சும்மா விட்டுப் பார்க்கலாம் என்பதற்கு இடமே இல்லை.

காரணம் என்ன? வயதானவர்களுக்கு அது மூளைக்கு வெளியேதான் இருக்கும், பெரும்பாலும். மூத்திரத்தில் கிருமி, காய்ச்சலே காட்டாத நிமோனியா, உடம்பில் தண்ணீர் வற்றுவது, சோடியம் குறைவது, பத்து நாள் மலச்சிக்கல். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். இரண்டு வாரம் முன்னால் குளியலறையில் விழுந்ததை எல்லோரும் மறந்திருப்பார்கள், மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். வாய் கோணினாலோ ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ அது பக்கவாதம், நாள் கணக்கு இல்லை, நிமிடக் கணக்கு. இத்தனைக்கும் முன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: புதிதாக என்ன மாத்திரை கொடுத்தீர்கள்?

மஞ்சள் மாத்திரைக்கு வருவோம். அட்டையைப் படிக்கச் சொன்னேன், குளோர்பெனிரமின். சளிக்கும் அரிப்புக்கும் கொடுப்பது. தூக்கம் வரும் என்பதால் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டார். அவருக்கு அது இருபது மாத்திரை வியாபாரம், வேறென்ன. டோனெபெசில் என்ன செய்கிறது? ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் மூளையில் வீணாகாமல் காக்கிறது. சளி மாத்திரை அதே அசிட்டைல்கோலினைத் தடுக்கிறது. காலையில் ஒரு குடம் ஊற்றி, ராத்திரி அதைக் கவிழ்த்துவிடுகிறீர்கள். அது மட்டுமா? வாய் உலரும், மலம் இறுகும், மூத்திரப்பை சுருங்க மறுக்கும். படுக்கையை நனைக்கிறார் என்று நீங்கள் தண்ணீரையும் குறைத்திருந்தீர்கள், அதுவும் இந்த வெயிலில். போனில் கேட்டபோது "மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருக்கிறது டாக்டர், துணி எப்போதும் ஈரம்" என்றீர்கள். நிறைந்த பானை வழிகிற கதை அது. பக்கத்து டாக்டர் டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்ததாம். அத்தனையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் தூங்கியிருக்கிறார் அந்த அம்மா.

மாத்திரையை நிறுத்தி, எனிமா கொடுத்து, தண்ணீர் ஏற்றி நாலாம் நாள் ஆள் திரும்பிவிட்டார். எல்லோருக்கும் இவ்வளவு சீக்கிரம் தெளியாது, வாரக்கணக்கில் இழுப்பதும் உண்டு. இதைப் படிக்கும் வேறு யாராவது டயாசிபாம் மாதிரித் தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்து வந்தால், பயந்துபோய் இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். அதை டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வலிப்பே வரலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆவேசத்தை அடக்கக் கொடுக்கிற மனநோய் மருந்துகள் மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்துவிட்டது. அவற்றையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

அலுமினியம், அஜினமோட்டோ: இரண்டையும் மறந்துவிடுங்கள். இட்லிப் பானையைத் தூக்கிப் போட வேண்டாம், மோகிங்கா நூடுல்ஸையும் விட வேண்டாம். ஜிங்கோ: 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் ஆறு வருடம் சோதித்துப் பார்த்து, மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-ல் அமெரிக்காவில் முடிவு சொல்லிவிட்டார்கள். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு பயம் வேறு. தம்பி அதற்குச் செலவழித்ததை வேறு விதமாகச் செலவழிக்கலாம், பிறகு சொல்கிறேன். புது ஊசி என்று அவர் சொல்வது லெகானெமாப் ஆக இருக்கும். ஆரம்ப நிலையில் இருந்த 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள், நோய் இறங்கும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. போனது திரும்பவில்லை. மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் தெரிந்தது. ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏற்ற வேண்டும், நடுநடுவே ஸ்கேன் எடுக்க வேண்டும். உங்கள் அம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். அவருக்காகக் காணியை விற்க வேண்டாம்.

பர்மியம் மறந்தது? பிறகு கற்ற மொழி முன்னால் போவதைப் பல நோயாளிகளிடம் பார்க்கிறோம், அதற்காக யாரும் அவருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். பேரன் பேத்திகள் "சாப்பிடுங்க, தண்ணி குடிங்க, வலிக்குதா" என்று ஒரு பத்து வார்த்தை தமிழில் கற்றுக்கொள்ளட்டும். "வலிக்குதா" முக்கியம், போன வாரம் ஏன் என்று பார்த்தீர்களே. ஒரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். ஹைதராபாத்தில் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் எழுதினார்கள். ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைவிட இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை வருடம் பிந்தித்தான் ஆரம்பித்திருந்தது, பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும்கூட. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் பர்மியமும் பேசியே வாழ்ந்தவர் உங்கள் அம்மா. அவருக்கு 75-ல் வந்தது, இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாமோ என்னவோ.

சரி, உங்கள் பயம். 1901-ல் ஃப்ராங்ஃபர்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் அல்சைமர் பார்த்த அந்தப் பெண்ணுக்கு 51 வயது என்பது உண்மைதான். அதைப் படித்து 53 வயதுக்காரர்கள் எல்லோரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. பெற்றோரிடமிருந்து ஒரே மரபணு வழியாக நேராக இறங்குகிற வகை நூற்றில் ஒன்றுகூட இல்லை, அது வருகிற குடும்பங்களில் பெரும்பாலும் அறுபதுக்குள்ளேயே வந்துவிடும். அம்மாவுக்கு 75-ல் வந்தது என்றால் உங்களுக்கு அபாயம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அடுப்பை அணைக்க மறந்தவர், கருகல் வாசனை வந்ததும் "ஐயோ அடுப்பு" என்று ஓடினால் எனக்குக் கவலை இல்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை என்று சாதித்தால், ஒரே கேள்வியை அரை மணியில் நாலு தடவை கேட்டால், தினம் போகிற சந்தைக்கு வழி தெரியாமல் நின்றால் வாருங்கள். அதையும் பெரும்பாலும் உங்களுக்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரர் கவனித்துவிடுவார்.

நீங்கள் தூங்குவது ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டேன், பதில் சொல்லத் தெரியவில்லை. கணக்குப் போட்டால் நாலு மணி, அதுவும் இரண்டு தவணையாக. இப்படி நாலு வருடம் இருந்தால் எனக்கும் என் பேரே மறக்கும்.

அந்த வாணலிப் புண்ணைக் கடிதத்தின் கடைசியில் "அது வேறு" என்று எழுதியிருந்தீர்கள். வேறில்லை. 1995-ல் அமெரிக்காவில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. மறதி நோய்க்காரரைக் கவனித்துவந்த 13 பெண்கள், அதே வயதில் அந்தப் பாரம் இல்லாத 13 பெண்கள். எல்லோர் கையிலும் மூன்றரை மில்லிமீட்டரில் ஒரே அளவு சின்னக் காயம் ஏற்படுத்தி, ஆற எத்தனை நாள் என்று பார்த்தார்கள். கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்பது நாள் கூடுதலாக ஆயிற்று. கவலை மனதோடு நிற்பதில்லை, தோல் வரை வந்துவிடுகிறது. அதற்காகப் புண்ணை அந்தக் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கமுடியாது. ஒரு மாதமாக ஆறவில்லை என்றால் வெறும் வயிற்றில் சர்க்கரை பாருங்கள், கூடவே ரத்த அழுத்தமும். மஞ்சள்பொடி போடுவதை நிறுத்துங்கள். 1999-ல் வந்த இன்னொரு ஆய்வில், வயதான கணவன் மனைவியரில் துணையைக் கவனிப்பதே பாரமாகிப் போனவர்களுக்கு நாலு ஆண்டுக்குள் இறக்கும் அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. நீங்கள் அந்த வயதில்லை, ஆனால் போகிற பாதை அதுதான்.

இப்போது தம்பியின் பணம். நியூயார்க்கில் இது சம்பந்தமாகப் பல வருடம் ஆராய்ந்தார்கள், 406 குடும்பங்கள். கவனிப்பவரை மட்டும் கூப்பிட்டுப் பேசாமல் பிள்ளைகள், உறவுக்காரர் எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்து யார் எதைச் செய்வது என்று பேசினார்கள். பிறகும் கூப்பிட்ட நேரத்தில் பேச ஆள் வைத்தார்கள். அந்த வீடுகளில் நோயாளியை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது சராசரியாக 557 நாள் தள்ளிப்போயிற்று. எந்த மாத்திரையும் அவ்வளவு நாள் வாங்கித் தந்ததாக நான் படித்ததில்லை. நம் ஊரில் செய்யக்கூடியது: வாரத்தில் இரண்டு ராத்திரி வேறொருவர் அம்மா அறையில் படுக்க வேண்டும். சித்தி வரலாம், நாத்தனார் வரலாம், சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம், அந்தச் சம்பளம் தம்பி தரட்டும். அந்த இரண்டு ராத்திரியும் நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. தம்பிக்கு இதைக் காட்டுங்கள், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைப் பேனாவால் அடித்துவிட்டிருந்தீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன், மன்னிக்கவும். அம்மா போய்ச் சேர்ந்தால் தேவலை என்று ஒரு நாள் தோன்றியது என்பது. என் எதிரில் உட்கார்ந்து அதைச் சொல்லி அழாத மகளை நான் அதிகம் பார்த்ததில்லை. தோன்றட்டும். தினமும் தோன்ற ஆரம்பித்தாலோ, உங்களையே முடித்துக்கொள்ளலாம் என்று மாறினாலோ எழுதிக்கொண்டிருக்காதீர்கள், அன்றே கூப்பிடுங்கள்.

மூட்டை கட்டுவது மீண்டும் ஆரம்பித்துவிட்டது என்று நேற்றுச் சொன்னீர்கள், குரலில் பாதி அழுகை பாதி சிரிப்பு. 1964-ல் கடைகளைப் பர்மா அரசு எடுத்துக்கொண்டபோது அவருக்கு 18, 19 வயது இருந்திருக்கும். அண்ணன்மார் இந்தியாவுக்குக் கப்பலேறியதைத் துறைமுகத்தில் நின்று பார்த்தவர். "கப்பலெல்லாம் நின்னு போச்சும்மா, அவங்களும் செத்துப் போயிட்டாங்க" என்று நீங்கள் திருத்தும்போதெல்லாம் அவர் அந்தச் சாவைப் புதிதாகக் கேட்கிறார். திருத்தாதீர்கள். "காத்து சரியில்லையாம், கப்பல் நாளைக்குத்தானாம், சாப்பிட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டு மூட்டையை அவர் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கே விளக்கைப் போடுங்கள், கரண்ட் இல்லாவிட்டால் பேட்டரி விளக்கு. பகலில் ஒரு தூக்கம், அரை மணிக்கு மேல் வேண்டாம். தண்ணீரைச் சாயங்காலம் ஆறு மணிக்குள் குடித்து முடிக்க வையுங்கள், ஆனால் குறைக்காதீர்கள்.

டியூப் எடுத்தபின் மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். உங்கள் சர்க்கரைச் சீட்டையும் அனுப்புங்கள், வெறும் வயிற்றில் எடுத்ததா என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.