பையில் இருக்கும் இராஜினாமாக் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

உங்கள் கட்டுரைகளைப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். இதுவரை எழுதியதில்லை. இதை வேறு எவரிடமும் சொல்ல முடியாதிருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு வயது 36. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில், லீசிங் தவணைகளை அறவிடும் பிரிவில் ஏழு வருடங்கள் வேலை செய்தேன். கடைசி இரண்டு வருடங்களும் பெரும் சிரமமாக இருந்தன. மாத இலக்கு கொழும்பிலிருந்து வரும். இலக்கை எட்டாதவர்களின் பெயர்கள் இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப் குழுவில் சிவப்பு நிறத்தில் வரும். சென்ற மாத இறுதியில், எங்கள் கிளையை இன்னொரு கிளையுடன் சேர்ப்பதாகச் சொல்லி, என்னையும் இன்னும் நான்கு பேரையும் இனி வர வேண்டாம் என்றார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. நானாகவே இராஜினாமாக் கடிதம் கொடுத்தால் நல்ல அனுபவச் சான்றிதழ் கிடைக்கும், கொடுக்காவிட்டால் இந்தத் துறையில் பெயர் கெட்டுவிடும் என்று முகாமையாளர் சொன்னார். கடிதத்தை எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.

வீட்டிலும் சொல்லவில்லை. வழமைபோல எட்டு மணிக்கு வெளிக்கிட்டு, பொது நூலகத்தில் போய் இருக்கிறேன். மனைவி கட்டித் தரும் சாப்பாட்டைச் சுப்பிரமணியம் பூங்காவில் வைத்துச் சாப்பிடுகிறேன். மாமா ஓய்வுபெற்ற அதிபர். கலியாணம் பேசும்போதே "அரச உத்தியோகம் இல்லையே" என்று தயங்கியவர். சுன்னாகத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர் ஒருவர், முன்பு என் வாடிக்கையாளர், தற்செயலாகக் கண்டு கதைத்தபோது நிலைமையை அறிந்து, கணக்குப் பார்க்க வரும்படி கேட்டார். சம்பளம் முன்பு எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். நண்பர் ஒருவரோ நகைகளை விற்று ஏஜென்சி மூலம் வெளிநாடு போகச் சொல்கிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ச.

அன்புள்ள ச.,

பையிலிருக்கும் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். இன்றைய நிலைமையில் உங்களிடம் உள்ளவற்றில் மிகவும் பெறுமதியானது அந்தக் கொடுக்கப்படாத கடிதம்தான் என்பதால், முதலில் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒழுக்காற்றுக் காரணம் எதுவுமின்றி ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதை இலங்கையில் கட்டுப்படுத்துவது 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனம், முந்திய பன்னிரண்டு மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்த ஒருவரை இவ்வாறு நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தைப் பெற வேண்டும்; இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். இரண்டும் இல்லாத நிறுத்தம் சட்டப்படி செல்லாது. அனுமதி கேட்டு ஆணையாளரிடம் போனால் நிறுவனம் நட்டஈடு கொடுக்க வேண்டிவரும். 2005 இல் வர்த்தமானியில் வெளியான கணிப்பு முறைப்படி, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளமும், அதற்கடுத்த வருடங்களுக்கு இரண்டு மாதச் சம்பளமும் என்று, உங்கள் ஏழு வருடச் சேவைக்கு 16½ மாதச் சம்பளம் வருகிறது. இதற்கு உச்சவரம்பு 25 இலட்சம் ரூபாய். நீங்களாகவே விலகியதாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பணம் முழுவதும் நிறுவனத்துக்கு மிச்சம். முகாமையாளருக்கு உங்கள் அனுபவச் சான்றிதழில் திடீரென்று இவ்வளவு அக்கறை வந்ததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். வற்புறுத்தலின்பேரில் எழுதிக் கொடுத்தேன் என்று பிறகு வாதாட இடமுண்டு. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிடும்.

அதனால் இராஜினாமாக் கடிதத்துக்குப் பதிலாக வேறொரு கடிதம் எழுதுங்கள். இன்ன திகதியில் இன்னார் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னார், நான் வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறேன், நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று எழுதித் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன், அந்தச் சிவப்புப் பட்டியல்களைத் திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். நியமனக் கடிதத்தையும் சம்பளச் சிட்டைகளையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். முடிந்தால் மற்ற நால்வரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஐந்து பேருக்கு ஒரே நாளில் ஒரே மாதிரி "மனம் மாறி" இராஜினாமாச் செய்யும் எண்ணம் வந்தது என்று எந்த நிறுவனமும் இலகுவில் சொல்லித் தப்ப முடியாது. முறைப்பாடு செய்வதற்கும், தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிப்பதற்கும், நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்கள்தான் அவகாசம். அதில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்கெனவே நூலகத்தில் கழித்துவிட்டீர்கள். விசாரணை விரைவாக முடியும் என்று சொல்ல மாட்டேன். இழுபடும், தவணை போடுவார்கள், சில நாட்கள் வெறுங்கையோடு திரும்பி வருவீர்கள்.

இதைவிட, வழக்கு எதுவும் இல்லாமலே உங்களுக்குச் சேர வேண்டியவையும் உண்டு. ஐந்து வருடச் சேவை முடித்தவருக்கு, அவர் தானாக விலகியிருந்தாலும்கூட, சேவைக்காலத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் 30 நாட்களுக்குள் பணிக்கொடை கொடுக்கப்பட வேண்டும் என்பது 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். உங்களுக்கு அது மூன்றரை மாதச் சம்பளம். ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) பணத்தையும் வேலை போன நிலையில் எடுக்கலாம். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதியம்) பணம் பொதுவாக ஆண்களுக்கு 55 வயதில்தான் கைக்கு வரும் என்றாலும், உங்கள் பங்கான எட்டு வீதமும் நிறுவனத்தின் பங்கான பன்னிரண்டு வீதமும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். வேலை இழந்தவருக்கு மாதாமாதம் பணம் தரும் காப்புறுதி இந்த நாட்டில் இல்லாதபடியால், இந்தச் சில்லறைகளைக் கூட்டித்தான் அடுத்த ஆறு மாதங்களைக் கடக்க வேண்டும்.

இந்தக் கூட்டலை நீங்கள் தனியாகச் செய்ய முடியாது என்பதுதான் வீட்டில் சொல்ல வேண்டிய முதற்காரணம். அடகில் என்ன இருக்கிறது, சீட்டு எந்த மாதம் விழும், எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம் என்பவை உங்களைவிட உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கும். சம்பள நாள் வரும்போது கணக்கில் பணம் விழாது. அதற்கு முன்னரே யாரோ ஒருவர் "உங்கட அவரை லைப்ரரியில கண்டேன்" என்று சந்தையில் வைத்துச் சொல்லிவிடவும் கூடும். யாழ்ப்பாணம் அவ்வளவு பெரிய பட்டணம் இல்லை. மனைவி அதை எவர் வாயால் கேட்க வேண்டும் என்பது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது, ஆனால் நெடுநாளைக்கு இருக்காது. விடியற்காலையில் எழும்பிச் சமைத்துக் கட்டித் தருபவருக்கு, அந்தப் பார்சல் பூங்கா வாங்கிலில் பிரிக்கப்படுகிறது என்ற செய்தி வேலை போன செய்தியைவிட அதிகமாக வலிக்கும்.

உங்கள் மாமாவைக் குறை சொல்வதற்கில்லை. ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவின் ரெயில்வேக்கும் கந்தோர்களுக்கும் எழுதுவினைஞர்களாகப் போன தலைமுறையிலிருந்து, இங்கே மாதச் சம்பளமும் பென்சனும்தான் ஒரு குடும்பத்தின் மரியாதையை அளக்கும் கோலாக இருந்துவருகின்றன. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் மாவட்டச் செயலகத்தின் முன்னால் மாதக்கணக்கில் இருந்து கேட்டதும் அரச நியமனத்தைத்தான். (மணமகன் தேவை விளம்பரங்களைப் பார்த்தால் தனியார் துறை என்று ஒன்று இந்த மாவட்டத்தில் இருப்பதே தெரியாது.) அந்த எண்ணத்தை நீங்கள் ஒருவர் மாற்ற முடியாது, மாற்ற வேண்டிய தேவையும் இப்போது இல்லை. மாமாவுக்கு மனைவி சொல்லட்டும். நட்டஈட்டுச் சட்டத்தின் இலக்கத்தோடும் திகதியோடும் சொன்னால், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் உங்கள் முறைப்பாட்டுக் கடிதத்தைத் திருத்தித் தரவும் கூடும்.

நூலகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊர் முழுவதும் நம்பியிருந்த துணி ஆலை உலகப் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் மூடப்பட்டபோது, சமூக உளவியலாளர் மரி யஹோடாவும் அவருடைய தோழர்களும் அங்கே சென்று ஆராய்ந்து, 1933 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, தெருவில் ஆண்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை தரம் நிற்கிறார்கள் என்றுகூடக் கணக்கெடுத்தார்கள். வேலை போனவர்களுக்கு நேரம் தாராளமாகக் கிடைத்திருந்தும், ஊர் நூலகத்தில் இரவல் பெறப்படும் புத்தகங்களின் தொகை பாதியளவாகக் குறைந்துவிட்டது. வேலை சம்பளத்தோடு சேர்த்து நாளுக்கு ஓர் ஒழுங்கையும், வீட்டுக்கு வெளியே பழக்கத்தையும், நான் இன்னார் என்ற நிலையையும் தருகிறது, அவை ஒருங்கே போகும்போது மனிதன் தளர்ந்துபோகிறான் என்று யஹோடா பின்னாளில் விளக்கினார். எட்டு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கிடுவதால் அந்த ஒழுங்கின் ஒரு பகுதியை நீங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள், அதை விட்டுவிடாதீர்கள். வெளிக்கிட்டுப் போகும் இடம்தான் மாற வேண்டும்.

எங்கே போவது? அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1970 களில் ஆராய்ந்தபோது, தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தத் தகவல் நெருங்கிய நண்பரிடமிருந்து வரவில்லை, எப்போதாவது காணும் அறிமுகக்காரரிடமிருந்தே வந்திருந்தது. உங்களுக்கு இதுவரை வந்த ஒரே அழைப்பும், விடயம் தெரிந்த ஒரே வெளியாளிடமிருந்துதான் வந்திருக்கிறது. ஏழு வருடங்களாக நீங்கள் ஏறி இறங்கிய கராஜ்காரர்கள், லொறிச் சொந்தக்காரர்கள், முச்சக்கரவண்டி ஓட்டுநர்கள், கடைக்காரர்கள் உங்களைத் தவணை கேட்கும் வாயாக மட்டும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். பிந்தியவனைச் சந்தியில் வைத்து மானம் கெடுத்தவர் யார், ஒரு கிழமை பொறுத்தவர் யார் என்று சனத்துக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் சொல்லுங்கள். கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கடன் கணக்குத் தெரிந்தவர்கள் தேவைப்படுவதுண்டு. உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தரிடம் பெயரைப் பதியுங்கள். அரச வேலை விளம்பரங்களுக்கு வெள்ளிக்கிழமை வர்த்தமானியையும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

வேலையில் பட்ட அழுத்தத்தை உங்கள் இயலாமை என்று நீங்கள் எண்ணுவதாகத் தோன்றுகிறது. புன்னாலைக்கட்டுவனில் ஒருவர் லான்ட்மாஸ்ரருக்கு (இருசில்லு உழவு இயந்திரம்) தவணை கட்டுவது வெங்காய விலையைப் பொறுத்தது. விலை விழுந்த மாதத்தில் கொழும்பில் போட்ட இலக்கை எவராலும் எட்ட முடியாது. விளைவில் ஒருவருக்குக் கை வைக்க இடமில்லாதபோது, பொறுப்பை மட்டும் அவர் பெயரில் சிவப்பாக எழுதுவது மனிதரை நோயாளியாக்கும். கடை, அலுவலக ஊழியர்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என்று 1954 இலேயே சட்டம் வகுத்த நாட்டில், இரவு பத்து மணிப் பட்டியலுக்கு எந்த நியாயமும் இல்லை. அந்த நேரம் வந்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது, நித்திரை வருவதில்லை என்றிருந்தால், போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

வெளிநாட்டு யோசனையை இந்த மாதத்தில் எடுக்காதீர்கள். கையில் வருமானம் இல்லாத நேரத்தில் நகையை விற்று ஏஜென்சிக்குக் கொடுப்பவரிடம் பேரம் பேசும் பலம் சிறிதும் இருக்காது. பின்னொரு காலத்தில் போவதானாலும், அந்த முகவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள்.

சுன்னாகம் வேலைக்குப் போகலாம் என்பது என் எண்ணம். ஆனால் போவதற்கு முன் கடைக்காரரிடம் இரண்டு விடயங்களைக் கேளுங்கள்: நியமனக் கடிதம் தருவாரா, ஈ.பி.எஃப். கட்டுவாரா. இரண்டுக்கும் ஆம் என்றால், சம்பளக் குறைவைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஆறு மாதத்தில் மறுபடி பேசலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தயங்கினால், தற்காலிகமாகப் பகுதிநேரக் கணக்கு வேலைக்கு மட்டும் ஒத்துக்கொண்டு தேடுதலைத் தொடருங்கள். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கும்போது இந்த வேலையை மறைக்காமல் சொல்லி, அதனால் உங்கள் கோரிக்கைக்குப் பாதிப்பு உண்டா என்பதையும் அங்கேயே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். மனைவியிடம் சொல்வதை முதலில் செய்யுங்கள்.