ஃபேன் சுவிட்ச் வாங்கும்போது இரண்டாவது எண்ணைப் பாருங்கள்

கேள்வி: பாகங்களாக வாங்கி நானே கோத்துவரும் கிட் கார் ஏறக்குறைய முடிந்துவிட்டது. என்ஜின் ஒரு பழைய காரிலிருந்து எடுத்தது; அதில் 88 டிகிரி தெர்மோஸ்டாட் இருக்கிறது. ரேடியேட்டருக்கு மின்விசிறி பொருத்திவிட்டேன். அதை இயக்கும் சுவிட்ச்தான் பாக்கி. “82 டிகிரியில் ஓடுவதை வாங்குங்கள், என்ஜின் குளிர்ச்சியாக இருக்கும்” என்கிறார் கடைக்காரர். 95-க்குக் குறைவாக வாங்காதே என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நண்பர் சரியான திசையில் இருக்கிறார். ஆனால் சுவிட்ச் எந்த இடத்தில் அமரப்போகிறது என்பதை இருவருமே உங்களிடம் கேட்கவில்லை. அது தெரியாமல் எண்ணைச் சொல்ல முடியாது.

என்ஜினுக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் ஒரு மெழுகு வால்வு. 88 டிகிரியில் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் முழுதாகத் திறக்கும். அதற்குக் கீழே சூடு இறங்கினால் மூடிக்கொள்ளும். ஆகவே விசிறி எவ்வளவுதான் சுழன்றாலும் என்ஜின் 82-க்கு இறங்கி நிற்காது, வால்வு விடாது. ஃபேன் சுவிட்சின் வேலை வேறு. சூடு மேலே ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அது. கடைக்காரர் சொன்ன சுவிட்சை என்ஜினிலிருந்து வெந்நீர் வரும் ஹோஸில் பொருத்தினால், என்ஜின் சூடேறியதும் விசிறி ஓடத் தொடங்கும். பிறகு நிற்கவே நிற்காது. மோட்டார் தேயும், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வீண் சுமை சுமக்கும், பலன் ஒன்றும் இல்லை.

சுவிட்சின் உடலில் ‘92/87’, ‘95/86’ என்று இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் விசிறி ஓடத் தொடங்கும் சூடு, இரண்டாவது நிற்கும் சூடு. வாங்குபவர்கள் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். தொல்லை கொடுப்பதோ இரண்டாவது எண். வெந்நீர் நுழையும் பக்கம் சுவிட்ச் இருந்தால், நிற்கும் எண் தெர்மோஸ்டாட் திறக்கும் எண்ணைவிட மூன்று நான்கு டிகிரியாவது கூடுதலாக இருக்கட்டும். உங்கள் 88-க்கு, 98 அல்லது 100-இல் ஓடி 92, 93-இல் நிற்பது பொருந்தும். ரேடியேட்டரிலிருந்து நீர் திரும்பும் பக்கம் பொருத்துவதானால் கணக்கு மாறும். அங்கே வருவது ஏற்கெனவே ஆறிய நீர். ஓட்டத்தில் அது 88-க்கு வெகு கீழே இருக்கும். வண்டி நெரிசலில் நின்று காற்று வராமல் போனால்தான் ஏறும். அந்த இடத்துக்கு 92/87 நன்றாகவே வேலை செய்யும். என் விருப்பமும் இந்தப் பக்கம்தான், ஏனென்றால் ரேடியேட்டரால் தனியாகச் சமாளிக்க முடியாத நேரத்தில் மட்டும் விசிறி ஓடும்.

100 என்றதும் கொதித்துவிடுமோ என்று பயம் வருவது இயல்பு. ரேடியேட்டர் மூடி ஒரு பார் அழுத்தம் தாங்கினால் வெறும் நீரே 120 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. அதனால் மூடியின் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்பதைப் பார்ப்பது, சுவிட்சில் ஐந்து டிகிரி குறைப்பதைவிட முக்கியம்.

கேள்வி: குமிழைத் திருகிச் சூட்டை மாற்றிக்கொள்ளும் வகையும் கிடைக்கிறது. அதை வாங்கினால் இந்தக் கணக்கே வேண்டாமே?

பதில்: கணக்கு அப்போதும் வேண்டும், பிழை செய்தால் திருத்திக்கொள்ளலாம் என்பது மட்டுமே கூடுதல் வசதி. அந்த வகையில் மெல்லிய செப்புக்குழாய் ஒன்றை ஹோஸின் வாய்க்குள் நுழைத்து, கிளிப்பை அதன் மேலேயே இறுக்கச் சொல்வார்கள். ரப்பருக்கும் குழாய்க்கும் இடையே விழும் அந்தச் சின்ன இடுக்கில்தான் நீர் கசியும். முதல் நாள் கசியாது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சில காலம் கழித்துக் கசியும். குமிழில் பெரும்பாலும் டிகிரி எண்ணே இருக்காது. நான் வாங்கச் சொல்வது மரையில் திருகும் நிலையான சுவிட்ச்தான்.

ரேடியேட்டரில் அதற்கான துளை இருந்தால் மரையை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 22 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் கொண்டது பரவலாகக் கிடைக்கும், 14 மி.மீ. வகையும் உண்டு. கூம்பு மரை கொண்டதை நேர் மரைத் துளையில் திருகிவிடாதீர்கள், துளை பாழாகும். துளை இல்லையென்றால் ஹோஸை வெட்டி நடுவில் செருகும் அலுமினியக் குழாய் இருக்கிறது. அதன் வெளிவிட்டம் உங்கள் ஹோஸின் உள்விட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். இங்கே ஒரு கண்ணி. இரு பக்கமும் ரப்பர் என்பதால் அந்தக் குழாய்க்கு எர்த் கிடையாது. ஒற்றை முனைச் சுவிட்ச் உடல் வழியாகத்தான் எர்த் எடுக்கும், ஆகவே அது அங்கே வேலை செய்யாது. இரண்டு முனை உள்ளதாக வாங்குங்கள். இல்லையேல் குழாயிலிருந்து சேஸிஸுக்கு ஒரு வயர் கொடுங்கள்.

கேள்வி: ரிலே கட்டாயமா?

பதில்: ஆம். விசிறி 10 முதல் 20 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிடக் கூடுதலாக. அந்தச் சுமையை ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் கருவி) தாங்கட்டும், சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். டாஷ்போர்டில் கையால் விசிறியை ஓடவைக்கும் பொத்தான் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஓடவைக்க மட்டுமே பயன்பட வேண்டும், நிறுத்த முடியக்கூடாது.

கேள்வி: புதிய சுவிட்சைப் பொருத்திவிட்டேன். மீட்டர் முள் ஏறுகிறது, விசிறி அசையவில்லை. கடையில் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

பதில்: என்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, சுவிட்சின் இரு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொடவைத்து, சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். விசிறி ஓடவில்லை என்றால் கோளாறு ரிலேயிலோ ஃபியூஸிலோ வயரிங்கிலோ இருக்கிறது. சுவிட்சைக் குறை சொல்ல முடியாது. ஓடினால், அடுத்த சந்தேகம் உள்ளே தங்கிய காற்றின் மேல். கிட் காரில் ரேடியேட்டர் என்ஜினைவிடத் தாழ்ந்திருப்பதும், குழாய்கள் நீண்டு வளைந்து போவதும் சகஜம். எங்காவது காற்று சிறைப்பட்டு, அது சுவிட்ச் இருக்கும் இடமாக அமைந்துவிட்டால் நீரின் சூடு அதற்குத் தெரியவே தெரியாது. வண்டி முழுதாக ஆறிய பிறகே மூடியைத் திறந்து, குழாயின் உயரமான இடங்களில் காற்றை வெளியேற்றி நீரை நிரப்புங்கள்.

அதன் பிறகும் ஓடவில்லையானால் சுவிட்சைக் கழற்றி, மரைப் பகுதி மூழ்கவும் முனைகள் நனையாமலும் ஒரு பாத்திர நீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர், முனைகளில் மல்டிமீட்டர். 92 டிகிரி சுவிட்ச் ஓரிரு டிகிரி முன்பின் இணைய வேண்டும். நீர் தளதளவென்று கொதித்தும் இணையவில்லை என்றால் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள். மாற்றாகத் தருவதிலும் அதே இரண்டு எண்கள் பொறித்திருக்கின்றனவா என்று பார்த்து, கூடவே ஒரு புதிய செப்பு வாஷரையும் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை கசியக்கூடும்.