ஸ்னோமொபைலுக்குப் பின்னால் ஒரு சூடான ஸ்லெட்: கேள்வி பதில்

ஆளேற்றும் மூடிய ஸ்லெட் (பனியில் சறுக்கிப் போகும், சக்கரமில்லாத வண்டி) இரண்டு கட்டியிருக்கிறேன். முதலாவதில் செய்த தப்புகள்தான் கீழே உள்ள பதில்களில் பாதி. நான்கு பேர் உட்காரும் கூண்டு, அதை இழுக்க ஒரு ஸ்னோமொபைல் (முன்னால் ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகளும் பின்னால் சுழலும் பட்டையும் உள்ள பனி மோட்டார் வண்டி), வெளியே மைனஸ் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

கேள்வி: ஸ்னோமொபைலிலிருந்தே கரண்ட் எடுத்து மின்சார ஹீட்டர் போட முடியாதா?

முடியாது. ஸ்னோமொபைலின் மின்னாக்கி தருவதே சில நூறு வாட்தான். விளக்கு, கைப்பிடிச் சூடு, இன்ஜினின் சொந்தத் தேவை எல்லாம் போக மிஞ்சுவது இருக்கைக்கு அடியில் ஒரு சூட்டு மெத்தை போடக் காணும், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் எத்தனை கிலோவாட் ஹீட்டர் வேண்டும்? 5 கிலோவாட் வாங்கு என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கூண்டு 2.4 மீட்டர் நீளம், 1.2 அகலம், 1.4 உயரம். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்தால் சுமார் 16 சதுர மீட்டர். அதில் ஒன்றரை சதுர மீட்டர் ஜன்னல். உள்ளே 10 டிகிரி போதும், எல்லோரும் கோட்டு போட்டுத்தானே உட்கார்ந்திருப்பார்கள். ஆக வித்தியாசம் 30 டிகிரி.

25 மில்லிமீட்டர் நுரைப் பலகை வைத்த சுவர் வழியாகப் போவது ஏறத்தாழ 430 வாட். ஒற்றைத் தகடு ஜன்னல் வழியாக 250. ஆனால் நான்கு பேர் மூச்சுவிட நல்ல காற்று வேண்டும். ஆளுக்கு நொடிக்கு 8 லிட்டர் என்று வைத்தால், அந்தக் குளிர்காற்றைச் சூடாக்க மட்டும் 1,150 வாட். மூன்றிலும் பெரிய செலவு இதுதான்.

மொத்தம் 1,830 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவரே 100 வாட் சூடு தருவார். நான்கு பேருக்கு 400 கழித்தால் மிச்சம் 1,430. காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது இடுக்குகள் வழியாகக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். 2 கிலோவாட் ஹீட்டர் தாராளம். 5 கிலோவாட் வாங்கினால் அது எப்போதும் குறைந்த தீயிலேயே ஓடி உள்ளே கரி பிடித்து நின்றுபோகும்.

சுவரை இன்னும் தடிமனாக்கி மிச்சம் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். தரையில் மட்டும் செய்யுங்கள், 50 மில்லிமீட்டர் போடுங்கள். குளிர்காற்று தரையில்தான் தேங்கும், கால்தான் முதலில் விறைக்கும். அந்தக் காலத்துக் குதிரை ஸ்லெட்டில் சுட்ட கல்லையும் செங்கல்லையும் காலடியில்தான் வைத்தார்கள். சூடான காற்று வாயையும் நீங்கள் அங்கேதான் வைக்க வேண்டும்.

கேள்வி: முகாமுக்குக் கொண்டுபோகும் கேஸ் ஹீட்டர் ஒன்று கையில் இருக்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு அதையே பயன்படுத்தலாமா?

வேண்டாம். அது கூண்டுக்குள்ளேயே எரிந்து, உள்ளிருப்பவர்கள் மூச்சுவிடும் ஆக்சிஜனைத் தின்னும். தீ சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. திறந்த ஜன்னலைக் குளிருகிறது என்று யாராவது ஒருவர் மூடத்தான் செய்வார். கூண்டு குலுங்கிக் கவிழ்ந்தால் தீ வேறு. அந்தக் கேஸ் பியூட்டேனாக இருந்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அது மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, ஆகவே குளிரில் ஹீட்டர் பற்றவே பற்றாது. புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும்.

லாரிகளில் ஓட்டுநர் தூங்கும்போது ஓடுமே, அந்த டீசல் காற்று ஹீட்டரை வாங்குங்கள். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையை வெளியே விடும், உள்ளே வருவது சூடான சுத்தக் காற்று மட்டும்.

கேள்வி: புகை வெளியே போய்விட்டால் கார்பன் மோனாக்சைடு பயம் தீர்ந்தது, இல்லையா?

பாதிதான் தீர்ந்தது. உங்களுக்கு முன்னால் ஓடுகிறதே ஸ்னோமொபைல், அதன் புகை எங்கே போகும்? நேராக உங்கள் கூண்டின் மேல்தான். ஓடும் பெட்டியின் பின்பக்கம் காற்றழுத்தம் குறையும், கதவிடுக்கு வழியாக அது புகையை உள்ளே இழுக்கும். அதனால் ஹீட்டரின் விசிறி கூண்டுக்குள் இருக்கும் காற்றையே சுற்றிவிடக் கூடாது. கூரையோரம், ஸ்னோமொபைலின் புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கமாக ஒரு வாய் வைத்து வெளிக்காற்றை எடுத்து உள்ளே தள்ள வேண்டும். உள்ளே அழுத்தம் ஒரு சொட்டு கூடுதலாக இருந்தால் இடுக்குகளில் காற்று வெளியேதான் போகும்.

முதல் ஸ்லெட்டில் ஹீட்டரின் புகைக்குழாயைக் கூண்டின் தரைக்குக் கீழே நேராக இறக்கிவிட்டேன். கெட்டியான பாதையில் ஒரு குறையும் இல்லை. ஆழமான புதுப்பனியில் இறங்கியதும் குழாய் பனிக்குள் புதைந்து ஹீட்டர் திணறி நின்றது. நின்றதே நல்லதாய்ப் போயிற்று. இப்போது குழாய் பக்கவாட்டில், கூண்டின் தரைமட்டத்துக்கு மேலே இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அலாரம் உட்கார்ந்தவர் மூக்கு உயரத்தில் இருக்கட்டும். குளிரில் வேலை செய்யும் ரகமா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பத்தே நிமிடத்தில் ஜன்னல் எல்லாம் ஆவி படிந்து உறைந்துவிடுகிறது.

நான்கு பேர் மூச்சிலும் தோலிலும் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வெளியே வருகிறது. காலணியில் ஒட்டி வந்த பனி தனி. மேலே சொன்ன காற்றோட்டமே முக்கால்வாசி மருந்து. ஜன்னலுக்குப் பாலிகார்பனேட் இரட்டைத் தகடு, நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. கண்ணாடி வேண்டாம், கவிழ்ந்தால் உடையும்.

கேள்வி: கயிறு கட்டி இழுத்தால் போதுமா, இரும்புச் சட்டம் வேண்டுமா?

சட்டம்தான். கயிறு இழுக்கும், நிறுத்தாது. நீங்கள் பிரேக் பிடித்ததும் ஸ்லெட் வந்து முதுகில் இடிக்கும். ஸ்லெட் 180 கிலோ, ஆட்கள் 300 கிலோ என்று வையுங்கள். 10 டிகிரி சரிவில் அந்த 480 கிலோ, உராய்வைக் கழிக்காமல், 83 கிலோ எடை அளவுக்கு உங்களை முன்னால் தள்ளும். ஸ்னோமொபைல் அகலமான பட்டையுள்ள வேலை ரகமாக இருக்க வேண்டும். இழுவை எல்லை கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள்.

சட்டம் முக்கோண வடிவில், மேலும் கீழும் பக்கவாட்டிலும் மடங்கும் மூட்டோடு இருக்கட்டும். மூட்டில் ஒரு ஸ்பிரிங் இருந்தால் கிளம்பும்போது வெட்டி இழுக்காது. மூட்டு விட்டுப்போனாலும் காப்பாற்ற ஒரு சங்கிலி. செங்குத்துச் சரிவென்றால் ஆட்களை இறக்கி நடக்கவிடுவேன். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

கேள்வி: சறுக்குக் கட்டைக்கு எது நல்லது?

அடியில் வழுக்குப் பாலிஎத்திலீன் பட்டை. வெறும் இரும்பில் பனி ஒட்டும். அகலம் குறைந்தால் புதுப்பனியில் மூழ்கும், ஆகவே ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலமாவது இருக்கட்டும். இரண்டுக்கும் இடையிலான தூரம் ஸ்னோமொபைலின் முன் ஸ்கீக்களின் தூரத்தோடு ஒத்துப்போனால் அது அமுக்கிய தடத்திலேயே ஓடும். ஆர்க்டிக் இன்யூயிட் மக்கள் தங்கள் ஸ்லெட்டில் குறுக்குக் கட்டைகளை ஆணி அடிக்காமல் வாரால் கட்டினார்கள், மேடுபள்ளத்தில் வளைந்து கொடுக்க. உங்கள் கூண்டு வளையாது. அதனால் கூண்டுக்கும் கட்டைக்கும் நடுவே ரப்பர் அல்லது ஸ்பிரிங் வையுங்கள், இல்லையென்றால் பயணிகளின் முதுகெலும்பு அந்த வேலையைச் செய்யும்.

கேள்வி: நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளம்பினால் நகரவே மாட்டேன் என்கிறது, ஸ்னோமொபைலின் பெல்ட் கருகிய வாடை வந்தது.

ஓடும்போது உராய்வில் உருகிய ஈரம் நின்றவுடன் உறைந்து கட்டையைப் பிடித்துக்கொள்கிறது. நிறுத்துமிடத்தில் இரண்டு மரத்துண்டுகள் மேல் ஏற்றி நிறுத்துங்கள். கிளம்பும் முன் பக்கவாட்டில் ஆட்டி விடுவியுங்கள். மைனஸ் 30 வாக்கில் பனி மணல் மாதிரி ஆகிவிடும், அப்போது பாரத்தைக் குறைப்பதைத் தவிர வழி இல்லை.

கேள்வி: ஹீட்டருக்கு பேட்டரி எது, எங்கே வைப்பது?

பற்றவைக்கும் சில நிமிடங்கள் 10 ஆம்பியர் வரை இழுக்கும், அப்புறம் ஒன்றிரண்டுதான். ஸ்லெட்டுக்குத் தனி 12 வோல்ட் பேட்டரி, சூடு படும்படி கூண்டுக்குள், தரையோடு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ரகத்தை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. ஈய அமிலமோ குளிரில் கொள்ளளவில் பாதியை இழந்துவிடும். டீசல் குளிர்கால ரகமா என்று பாருங்கள், சாதா டீசல் மெழுகாகிக் குழாயை அடைக்கும்.

கேள்வி: உள்ளே இருப்பவர்கள் ஓட்டுபவரை எப்படிக் கூப்பிடுவது?

நல்ல வேளை, யாராவது கேட்டீர்கள். கத்தினால் கேட்காது. ஓட்டுபவர் கண்ணெதிரே சிவப்பு விளக்கு ஒன்று, உள்ளே அதற்குப் பெரிய பொத்தான். மயக்கம், வாந்தி, அலாரம் எதுவானாலும் அழுத்தலாம். கதவு கையுறையோடு உள்ளிருந்து திறக்க வேண்டும். ஒருக்களித்து விழுந்தால் அந்தக் கதவே அடியில் போகும், ஆகவே கூரையிலோ பின்பக்கமோ இரண்டாவது வழி.

கேள்வி: உறைந்த ஏரிமேல் குறுக்கே போகலாமா, ஐயா? சுற்றிப் போனால் ஒரு மணி நேரம் கூடும்.

சுற்றியே போங்கள். மூடிய கூண்டோடு நான் பனிக்கட்டிமேல் போவதில்லை. போயே தீர வேண்டுமென்றால் ஆட்களை இறக்கி இடைவெளி விட்டு நடக்கவிட்டு, காலிக் கூண்டைக் கதவுகள் திறந்தபடி தனியாக இழுத்துக் கரையேற்றுங்கள்.